விசில் சிஸ்டரும் பிரசவ நாற்காலியும்

எது தன் வேலை, எது அடுத்தவன் வேலை என்கிற சந்தேகம் உலகத்தில் எல்லாருக்கும் உண்டு. மந்திரிகளுக்கு உண்டு. மாமியார்களுக்கு உண்டு. கடவுளுக்கே உண்டு என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் தாராவியில் மழையை அப்படிக் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டு, அதை வடிய வைக்கிற வேலையை எங்கள் தலையில் கட்டியிருக்க மாட்டார். அந்தச் சந்தேகம் துளிகூட இல்லாத ஒரே ஒரு பிறவியை நான் என் ஆயுசில் பார்த்திருக்கிறேன். அவர்தான் விசில் சிஸ்டர்.

அறுபதுகளில் கல்யாணமாகி நான் தாராவிக்கு வந்து சேர்ந்தபோதே அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டிருந்தது. அசல் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் அறைக் கதவில் ‘நர்ஸ், மிட்வைஃப்’ என்று ஒரு தகரப் பலகை தொங்கும். அதற்கு மேலே பெயர் இருந்த இடத்தை மழை அழித்துவிட்டது. அவரும் திரும்ப எழுதிக்கொள்ளவில்லை. வேலை தெரிந்தால் போதும், பெயர் எதற்கு என்று நினைத்திருப்பார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், படித்துப் பட்டம் வாங்கிய நர்ஸ், கல்யாணம் செய்துகொள்ளாதவர் என்கிற அளவுக்குத்தான் எங்களுக்குத் தெரியும். வெள்ளைப் புடவை, ஒரு கையில் கறுப்புப் பை, மறு கையில் ஆம்பிளைக் குடை. கழுத்தில் மற்றவர்களுக்குச் சங்கிலி தொங்குகிற இடத்தில் இவருக்குக் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்கும். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஊதுவாரே, அதே விசில்.

விசில் எதற்கு என்றால், எங்கள் சந்தில் மனிதக் குரலுக்கு மரியாதை கிடையாது. ஒரு பக்கம் தோல் பட்டறையில் அடிக்கிற சத்தம், இன்னொரு பக்கம் தகரம் வெட்டுகிற சத்தம், நடுவில் ஒன்பது வீட்டு ரேடியோ. பிரசவ அறைக்குள்ளிருந்து “வெந்நி கொண்டாங்க” என்று கத்தினால் பக்கத்து வீட்டில்கூடக் கேட்காது. அதனால் சிஸ்டர் ஊதுவார். குட்டையாக ஊதினால் வெந்நீர். விட்டு விட்டு ஊதினால் வாசலில் நிற்கும் ஆம்பிளைகள் கலைய வேண்டும். நீளமாக ஊதினால் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன், இந்தக் கதையே அந்த நீள விசிலைப் பற்றியதுதான்.

சிஸ்டருடைய உலகத்தில் வேலைகள் மூன்று வகை. ‘என் வேலை’, ‘ஆஸ்பத்திரி வேலை’, ‘வெட்டி வேலை’. இந்த மூன்றுக்குள் அடங்காத எதுவும் பூமியில் கிடையாது. காய்ச்சல் என்று ஒருவன் போர்வையைப் போர்த்திக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றான்.

“ஒனக்குப் பிரசவமா?”

“இல்ல சிஸ்டர், காச்சலு.”

“அப்பம் இங்க என்ன சோலி? ஆஸ்பத்திரிக்குப் போ.”

சந்துக் கோடியில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சிக்கு இது தெரியும். அவருக்கு ஒரு நாள் வாயு பிடித்துக்கொண்டது. அண்ணாச்சியின் வயிறு சாதாரண நாளிலேயே கல்லாப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அடங்காது. அன்றைக்கு அவர் கொஞ்சம் யோசனை செய்து, வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு சிஸ்டரிடம் போனார்.

“பிரசவ வலி மாதிரியே இருக்கு சிஸ்டர். அசல் அதே மாதிரிதான்.”

சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“எத்தன மாசம்?”

அண்ணாச்சி விரல் விட்டு எண்ணப் பார்த்தார். “மாசம் தெரியாத கேஸ நான் எடுக்கிறதில்ல” என்று சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டார்.

பிறந்த குழந்தை யார் ஜாடை என்று கேட்டால் வெட்டி வேலை. என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டால் வெட்டி வேலை. பிரசவம் முடிந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றால் அதைவிடப் பெரிய வெட்டி வேலை. தாயையும் பிள்ளையையும் துடைத்து, பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் எங்கேயும் சும்மா உட்கார்ந்து எங்கள் சந்தில் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் தன் வேலை என்று ஒன்றை எடுத்துவிட்டால் அதற்குள் வேறு யாரும் நுழைய முடியாது. ஒரு வீட்டில் வலி மெதுவாக வருகிறது என்று மாமியாருக்குப் பொறுமை போய், ஊசி போட்டு வலியைக் கூட்டுவதற்காகக் கம்பவுண்டர் ஒருவரைக் கூட்டிவந்துவிட்டார். அவர் ஊசியும் கையுமாக வாசலுக்கு வந்தார். சிஸ்டர் வாசல் நிலையில் குடையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார்.

“நீரு டாக்டரா?”

“இல்ல, கம்பவுண்டர்.”

“நான் நர்சு. வலிக்கு ஊசி போடுதது எனக்கும் வேலையில்ல, ஒமக்கும் வேலையில்ல. அது தன்னால வரும். அது வரைக்கும் இதப் பிடியும்.”

வெளியே நல்ல மழை. வாசலில் அடுப்பு மூட்டி வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தை பிறக்கும்வரை கம்பவுண்டர் அந்த அடுப்புக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் எங்கள் சந்தில் ஊசியோடு தலைகாட்டவில்லை.

இப்போது நீள விசிலுக்கு வருகிறேன்.

“என் கை இந்தா இம்புட்டுத்தான்” என்று சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டுவார். “இதுக்குள்ள வாரது என் வேல. கத்தி வேணும், ரெத்தம் ஏத்தணும்னா அது ஆஸ்பத்திரி வேல. அத நான் தொட மாட்டேன். ஆனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேக்குதது இருக்கு பாரு, அது முழுக்க என் வேல.” கொண்டு சேர்ப்பதுதான் தாராவியில் பெரும்பாடு. எங்கள் சந்துக்குள் டாக்ஸி வராது, கைவண்டி வராது, படுக்க வைத்துத் தூக்கினால் மூலையில் திரும்பாது. பெரிய ரோட்டுக்குப் போகும்வரை சாக்கடைமேல் போட்ட பலகை, காயப்போட்ட தோல், கட்டிப்போட்ட ஆடு என்று ஏகப்பட்ட தடங்கல். இதற்கு சிஸ்டர் கண்டுபிடித்ததுதான் பிரசவ நாற்காலி.

மூடிப்போன ஒரு சலூனிலிருந்து கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதன் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, தோல் பட்டறைக்காரர்களைக் கொண்டு வார் போட்டு இறுக்கினார். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். நாற்காலியை மாட்டி வைக்க உறுதியான ஆணி அண்ணாச்சி கடையின் வெளிச்சுவரில்தான் இருந்தது. எனவே அது அங்கே தொங்கியது. நீள விசில் கேட்டால் நாலு பேர் ஓடிப்போய் அதை இறக்க வேண்டும்.

அதோடு விட்டாரா? எந்த வீட்டில் ஒன்பதாம் மாதம் பிறந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒத்திகை. அந்தப் பெண்ணின் புருஷனும் இன்னும் மூன்று பேரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடையிலிருந்து பெரிய ரோடு வரை ஓட வேண்டும். இதில் ஒரு சிக்கல் வந்தது. எந்தக் கர்ப்பிணியும் ஒத்திகைக்கு நாற்காலியில் ஏற மாட்டேன் என்றாள். எதிர் அறையிலிருந்த பாக்கியத்தக்கா, சந்துக்கே சாஸ்திரம் சொல்கிறவள், தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “நேரம் வரதுக்கு முந்தி ஏறி உக்காந்தா நேரத்த வான்னு கூப்பிட்ட மாதிரி ஆயிரும்.” வெறும் நாற்காலியைத் தூக்கி ஓடினால் ஒத்திகை ஆகாது என்றார் சிஸ்டர். யாரை ஏற்றினால் அபசகுனம் ஆகாது என்று பார்த்தால் ஆம்பிளையைத்தான் ஏற்ற வேண்டும். பாரம் தாங்கப் பழக வேண்டும் என்றால் கனமான ஆம்பிளையாக இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏல, நான் கடை வச்சிப் பொழைக்கிற மனுசன்ல” என்றார் அண்ணாச்சி.

“ஒம்மத் தூக்குனா எவளையும் தூக்கிரலாம். ஏறும்” என்றார் சிஸ்டர்.

முதல் ஞாயிறு அண்ணாச்சி வெட்கப்பட்டுக்கொண்டு ஏறினார். மூன்றாவது ஞாயிறு முதுகுக்குத் தலையணை கேட்டார். அப்புறம் அவருக்கே அதில் ஒரு ஈடுபாடு வந்துவிட்டது. மூங்கில் ஆடினால் “இடது பக்கம் சாயுதுல, பிள்ளத்தாச்சி தாங்குவாளா?” என்று அதட்டுவார். திருப்பங்களில் “யம்மா, யம்மா” என்று அடிவயிற்றிலிருந்து முனகுவார். இரண்டு பிள்ளை பெற்ற பாக்கியத்தக்காவே அதைக் கேட்டு, தனக்கு இவ்வளவு நன்றாக முனகத் தெரியாமல் போயிற்றே என்று சொன்னாள். வேறு யாராவது ஒரு நாள் உட்காரட்டும் என்றால் விட மாட்டார். “அது என் வேல” என்பார், சிஸ்டர் மாதிரியே.

தூக்குகிறவர்களுக்கு சிஸ்டர் விதித்த சட்டம் இரண்டு. ஒன்று, முன்னால் பார்த்து ஓட வேண்டும், பின்னால் திரும்பவே கூடாது. “பொண்டாட்டி முனகுதான்னு திரும்பிப் பாத்தேன்னு வையி, சாக்கடையில விட்டுருவ.” இரண்டு, வழியில் மறுபடி விசில் கேட்டால் இன்னும் வேகமாக ஓட வேண்டும். மற்றபடி யார் என்ன கத்தினாலும் நிற்கக் கூடாது. இந்த இரண்டையும் மனப்பாடமாகச் சொல்லாதவனை மூங்கிலைத் தொட விட மாட்டார்.

என் முறையும் வந்தது. தலைப்பிரசவத்துக்கு ஊர்ப்பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். இது இரண்டாவது, பம்பாயிலேயே. என் வீட்டுக்காரர் டிராம்பே பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஃபிட்டர். எதையும் முறைப்படி செய்கிற மனிதர், திருகாணியைக்கூட இத்தனை சுற்று என்று எண்ணித்தான் முடுக்குவார். ஒத்திகையில் அவர்தான் முன்வரிசை வலதுபக்கம். என் அறை கடைக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் இருந்ததால், ஞாயிறு தோறும் நான் வாசலில் நின்று, என் புருஷன் அண்ணாச்சியைப் பிரசவத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பேன். சிரித்துச் சிரித்து அப்போதே வலி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். சிஸ்டர்கூட ஒரு நாள் வாயைக் குடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நிஜமான வலி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. சந்தில் ஆம்பிளைகள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்குப் பஞ்சமில்லை, நல்ல நேரம்தான் என்று பாக்கியத்தக்கா சொன்னாள். சிஸ்டர் வந்தார், கை கழுவினார், என்னைப் படுக்க வைத்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். அவர் எதையும் இரண்டு தடவை பார்க்கிறவர் அல்ல.

“போன வாரம் தல கீழதான் இருந்துது” என்றார் மெதுவாக. “இப்பம் குறுக்க கெடக்கு.”

“எண்ணெய் தொட்டு உருவித் திருப்பிரலாம் சிஸ்டர்” என்றாள் பாக்கியத்தக்கா. “எங்க ஊர்ல செய்வாவ. ஒங்க கைக்கு வராத வித்தையா?”

“வலி வந்த பெறவு திருப்பக் கூடாது. குறுக்க கெடந்தா கத்திதான். இது என் கையில இல்ல.”

நான் அழ ஆரம்பித்தேன். “நீங்களே பாத்துருங்க சிஸ்டர். ஆஸ்பத்திரி வேண்டாம். எனக்குப் பயமாருக்கு.”

“எட்டி, இங்க பாரு. எனக்கு முடியாததத் தொட்டா நீயும் இருக்க மாட்ட, பிள்ளையும் இருக்காது. தண்ணி ஒடையதுக்கு முந்தி ஒன்னய அங்க சேத்துட்டா ரெண்டு பேரும் பொழைப்பிய. எடப்பக்கமா ஒருச்சாச்சிப் படு. முக்காத.” அவர் குரலில் கோபம் இருந்தது. அது பயம் என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. பிறகு விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினார்.

சந்து முழுக்க ஒரு நிமிஷம் சத்தம் நின்றது. சீட்டுகள் பறந்தன. நாலு பேர் என் வாசலைத் தாண்டிக் கடைப்பக்கம் ஓடுகிற காலடி கேட்டது. முதல் காலடி என் வீட்டுக்காரருடையது, செருப்புச் சத்தத்திலேயே தெரியும். நாற்காலி வரப்போகிறது என்று பாக்கியத்தக்கா என்னைத் தாங்கி வாசலுக்கு நடத்திவந்தாள்.

நாற்காலி வந்தது. அதில் அண்ணாச்சி இருந்தார்.

ஆட்டுக்கறிச் சோறு தின்றுவிட்டுக் கடை வாசலில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். நீள விசில் கேட்டதும் பாதிக் கண்ணைத் திறந்தார். எதிரே நாற்காலி இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, விசில், நாற்காலி. ஏறி உட்கார்ந்து தலையணையைச் சரிசெய்துகொண்டார். தூக்குகிறவர்களும் கனம் ஏறியதும் கிளம்பிவிட்டார்கள். கனம் ஏறினால் கிளம்ப வேண்டும் என்றுதானே அவர்கள் வாரக்கணக்காகப் பழகியிருக்கிறார்கள். கடையிலிருந்து பெரிய ரோடுக்கு ஓடத்தான் எல்லாருக்கும் தெரியும். நடுவில் ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரு பெண்ணை ஏற்ற வேண்டும் என்பதை ஒத்திகையில் யாரும், சிஸ்டர் உட்பட, சேர்க்கவே இல்லை.

நான் வாசலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலைவிரி கோலமாக நிற்கிறேன். என் கழுத்தில் தாலி கட்டிய மனிதர் என்னை முழங்கை தூரத்தில் கடந்து போகிறார். முன்னால் பார்த்த கண் பார்த்தபடி. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு “யம்மா, யம்மா” என்று முனகிக்கொண்டு போகிறார்.

“இந்தாங்க, நான் இங்கன நிக்கேன்” என்று கத்தினேன். யார் என்ன கத்தினாலும் நிற்கக் கூடாது. அவர்கள் நிற்கவில்லை.

“ஏ நில்லுங்கல, நில்லு” என்று சிஸ்டர் கத்தினார். கேட்கவில்லை. ஆத்திரத்தில் விசிலை எடுத்து ஊதினார். மறுபடி விசில் கேட்டால் இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று சட்டம் போட்டவரே அவர்தான். நாற்காலி மூலையில் பறந்து மறைந்தது. ஒத்திகையில் ஒரு நாளும் அவர்கள் அத்தனை அழகாக அந்த மூலையைத் திரும்பியதில்லை.

சிஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பாக்கியத்தக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, சிரித்தால் தண்ணீர் உடைந்துவிடும் என்று சிஸ்டர் என் வாயைப் பொத்தினார். “படு. ஒண்ணுமில்ல, வந்துருவானுவ” என்றார். எனக்குச் சொன்னதைவிடத் தனக்குத்தான் அதைச் சொல்லிக்கொண்டார்.

பெரிய ரோட்டில் நடந்ததை எனக்குச் சொன்னவர் பின்வரிசைக்காரர் ஒருவர். என் வீட்டுக்காரர் இதுநாள்வரை சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் ஒரு சர்தார்ஜி டாக்ஸியை நிறுத்தி, முன்னால் பார்த்தபடியே பின்கதவைத் திறக்க, மற்ற மூன்று பேரும் பழகிய பாரமாயிற்றே என்று அண்ணாச்சியைப் பதனமாக உள்ளே ஏற்றிப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஒத்திகையில் டாக்ஸி கிடையாது, அதனால் அந்தக் கட்டத்தில்தான் அண்ணாச்சிக்கு முழு விழிப்பு வந்திருக்கிறது.

“பேஷண்ட் கிதர் ஹை?” என்று சர்தார்ஜி, ஆள் எங்கே என்று கேட்டார்.

“யே ஹை” என்று என் வீட்டுக்காரர் திரும்பாமலே உள்ளே கையைக் காட்டினார்.

சர்தார்ஜி திரும்பி, மீசையும் வயிறுமாகப் படுத்திருந்த அண்ணாச்சியைப் பார்த்தார். “டெலிவரி கா பேஷண்ட்?”

“ஏல, என்னய எதுக்குல டாக்ஸியில ஏத்துதிய?” என்று அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் முதல் தடவையாகச் சட்டத்தை மீறிப் பின்னால் திரும்பிப் பார்த்தாராம். அவர் முகம் போன போக்கைப் பார்த்து சர்தார்ஜியே இறங்கி அவருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி முன்னால் ஓடிவந்தார். அந்த உடம்பு ஓடும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. “ஹட்டோ, பாஜூ ஹட்டோ, பிள்ளத்தாச்சி வாரா” என்று வழிவிடச் சொல்லிக் கத்தி, காயப்போட்ட தோலையெல்லாம் இரண்டு பக்கமும் வாரி எறிந்து, ஒரு ஆட்டைக் கயிற்றோடு தூக்கிப் பக்கத்து வீட்டுக்குள் விட்டார். என்னை நாற்காலியில் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது.

வாரக்கணக்காக அண்ணாச்சியைச் சுமந்த தோள்களுக்கு நான் ஒரு பாரமே இல்லை. தூக்கினவர்கள் கால் தரையில் பாவவில்லை. பாதி வழியில் பின்வரிசைக்காரர் ஒருவருக்குச் சந்தேகம் வந்து, “ஏ, அக்கா இருக்காவளா, விழுந்துட்டாவளா?” என்று கேட்டார். “இருக்கேன், ஓடுங்கல” என்றேன். சிஸ்டர் ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, சுவருக்கும் மூங்கிலுக்கும் நடுவில் உரசிக்கொண்டே கூட ஓடிவந்தார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. டாக்ஸியில் ஏறியதும் என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி கேட்காமலே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹாரனைத் தானே அடித்துக்கொண்டு வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் லேடி டாக்டரிடம் சிஸ்டர் நாலே வார்த்தையில் சொன்னார்: இரண்டாவது பிரசவம், குறுக்கே கிடக்கிறது, தண்ணீர் உடையவில்லை, நான் உள்ளே கை வைக்கவில்லை. லேடி டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்து, “சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள்” என்று இங்கிலீஷில் சொன்னார். உடனே என்னை உருட்டிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் அறை வாசல் வந்ததும் சிஸ்டர் நின்றுவிட்டார்.

நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். “நீங்களும் வாங்க சிஸ்டர்.”

“இதுக்கு மேல அவங்க வேல. என் வேல இந்த வாசலோட சரி.”

“என்னய விட்டுட்டுப் போவாதிய.”

எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊரே இவள் கையை நம்பியிருக்க, இந்த மனுஷி வாசலில் நின்று வேலைக்கணக்குப் பேசுகிறாளே என்று இருந்தது. சிஸ்டர் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி அந்தக் கையில் வைத்து மூடினார்.

“இத வச்சிக்க. எதாவதுன்னா ஊது.”

மயக்க மருந்து கொடுக்கும்போது உள்ளே இருந்த நர்ஸ் விசிலைப் பிடுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. “இருக்கட்டும், விடு” என்று லேடி டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. அதோடு சரி.

பெண் குழந்தை. நானும் பிழைத்தேன், அவளும் பிழைத்தாள். மறுநாள் சாயங்காலம்தான் எனக்கு நன்றாகத் தெளிந்தது. பார்வையாளர் நேரம் முடிந்து வார்டில் எல்லாரையும் வெளியே அனுப்பியிருந்தார்கள். தையல் வலித்தது, குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது, சுற்றிலும் தெரியாத முகங்கள், புரியாத மராத்தி. திடீரென்று என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. தலையணைக்குக் கீழே கையை விட்டேன், விசில் இருந்தது. ஒன்றும் யோசிக்கவில்லை. இருந்த மூச்சையெல்லாம் கூட்டி நீளமாக ஊதினேன்.

வார்டே தூக்கிவாரிப் போட்டு எழுந்தது. வெளியே வராந்தாவில் என் வீட்டுக்காரரும் மற்றவர்களும் துள்ளி எழுந்து நாற்காலியைத் தேடினார்களாம். அண்ணாச்சி ஒரு தூணுக்குப் பின்னால் போய், “என்னயத் தொட்டிய, தெரியும் சேதி” என்று நின்றுகொண்டாராம். வார்டுக் கதவை வாட்ச்மேன் மறித்தான். ஒரு குடை அவனை ஓரமாகத் தள்ளியது. சிஸ்டர் உள்ளே ஓடிவந்தார். அதே புடவை, முழங்கையில் அதே சிராய்ப்பு. வீட்டுக்கே போகவில்லை என்று தெரிந்தது.

“என்ன? என்ன செய்யுது? ரெத்தம் போவுதா?”

“ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மாதான் ஊதுனேன்.”

சிஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். இப்போது திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குள் வார்டு நர்ஸ் வந்துவிட்டாள். மலையாளப் பெண், தமிழ் பேசுவாள்.

“நேரம் முடிஞ்சாச்சு. நிங்கள் ஆரு? பேஷண்டோட அம்மையா?”

“இல்ல.”

“இவிடத்த நர்சா?”

“இல்ல.”

“பின்னே நிங்களுக்கு இங்க என்ன வேலை?”

தாராவி முழுக்கத் தெரியும், இந்த ஒரு கேள்விக்குச் சிஸ்டரிடம் எப்போதும் பதில் இருக்கும் என்று. நானும் காத்திருந்தேன். சிஸ்டர் குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குடையைக் கட்டிலில் சாய்த்து வைத்தார்.

“ஒரு வேலையும் இல்ல” என்றார். சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவர் முகத்தைப் பார்த்த அந்த நர்ஸ் என்ன நினைத்தாளோ, வார்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஞாயிறிலிருந்து ஒத்திகை வீட்டு வாசலிலிருந்துதான் தொடங்கும் என்று புதுச் சட்டம் வந்தது. அண்ணாச்சியும் ஒவ்வொரு வாசலிலும் இறங்கி இறங்கி ஏறினார். அதெல்லாம் பிறகு. அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு போடுகிறவரை சிஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து, சிக்குப் பிடித்த என் தலையை விரலால் கோதிவிட்டுக்கொண்டே, பிள்ளை யார் ஜாடை என்று பேசிக்கொண்டிருந்தார். மூக்கு என்னுடையது என்றும், நல்லவேளை மூளை அப்பாவுடையதாக இருக்காது என்றும் சொன்னார். அத்தனை வருஷத்தில் அவர் செய்த ஒரே வெட்டி வேலை அதுதான். அதை எனக்காகச் செய்தார்.